ஏரிக்கரை வழிகள்: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரச் சிறு சாலைகளின் வரலாறு

மேற்கே செஞ்சிக் குன்றுகளும் பாக்கமலைக் காடும், கிழக்கே மரக்காணத்தை ஒட்டிய கழுவெளிச் சதுப்பு நிலமும், தெற்கே தென்பெண்ணை ஆறும் எல்லைகளாக அமைய, நடுவே சிறிதும் பெரிதுமான ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பரந்து கிடக்கும் நிலமே விழுப்புரம், திண்டிவனம் வட்டாரம். முன்பு தென்னார்க்காடு மாவட்டத்தின் வடபகுதியாக இருந்த இந்நிலம் 1993-இல் விழுப்புரம் மாவட்டமாகப் பிரிந்தது. 2019-இல் அதிலிருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு விரையும் ஊர்திகள் இவ்விரு நகரங்களையும் நான்கு வழிச் சாலையில் கடந்துவிடுகின்றன. ஆனால் அச்சாலையிலிருந்து மேற்கிலோ கிழக்கிலோ சிறிது தொலைவு விலகியதும், புளியமர நிழலில் வளைந்தும் நெளிந்தும் ஏரிக்கரைமீது ஏறியும் இறங்கியும் செல்லும் ஒடுங்கிய சாலைகள் தொடங்குகின்றன. பேருந்து எப்போதேனும் வந்துபோகும் இச்சாலைகளில் மிதிவண்டிக்காரர் அச்சமின்றிச் செல்ல முடிகிறது. இச்சாலைகளில் கணிசமானவை நீரைத் தேக்குவதற்காக எழுந்த கரைகளையும், நீரைக் கொண்டுவருவதற்காக வெட்டிய கால்வாய்களையும் பின்பற்றியவை. படையும் ரயிலும் நெடுஞ்சாலையும் வேறு தடங்களைத் தேர்ந்துகொண்டதால் இவை அமைதியாக எஞ்சின என்பதும், இருபதாம் நூற்றாண்டில் மிதிவண்டி வந்த பிறகே இவற்றின் இரண்டாம் வாழ்வு தொடங்கியது என்பதும் இவ்வட்டார வரலாற்றைத் தொடர்ந்து பார்க்கும்போது தெளிவாகின்றன.

ஏரிக்கரை எவ்வாறு வழியாகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். தமிழகத்தின் ஏரி என்பது இயற்கையாக நாற்புறமும் மேடு சூழ்ந்த நீர்நிலை அன்று. சரிவான நிலத்தில் மழைநீர் ஓடிவரும் திசைக்குக் குறுக்கே மண்ணைக் கொட்டி, பிறை வடிவில் கரை எழுப்பி, மேட்டுப்பக்கத்தைத் திறந்தவாறே விட்டு நீரைத் தடுத்து நிறுத்தும் அமைப்பு அது. கரையின் உட்புறச் சரிவில் அலை அரிக்காதபடி அலைக்கற்கள் பதிப்பர். பாசன நீரைத் திறந்துவிடக் கரைக்கு அடியில் மதகு அமைப்பர். ஏரி நிரம்பியபின் மிகும் நீர் கரையை உடைக்காமல் வெளியேறுவதற்குக் கரையின் ஓரத்தில் கல்லால் கட்டிய தாழ்வான வழியை விடுவர். அவ்வழிக்குக் கலிங்கல் என்று பெயர். நிரம்பிய ஏரியிலிருந்து நீர் வழிவதை இவ்வட்டாரத்தார் ஏரி கோடி போவதாகச் சொல்வர். கரையின் உச்சி எங்கும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும்; ஓரிடத்தில் தாழ்ந்தாலும் நீர் அங்கே வழிந்து கரையை அறுத்துவிடும். மண் இறுகுவதற்கு மனிதரும் மாடும் இடையறாது நடப்பதும் உதவியது. ஆகவே மட்டமானதும், இறுகியதும், மழைக்காலத்திலும் நீருக்கு மேலே நிற்பதுமான ஓர் அகன்ற மேடை ஒவ்வோர் ஊரின் அருகிலும் தானாகவே கிடைத்தது. சுற்றியுள்ள நன்செய் முழுவதும் சேறாகிவிடும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், ஊரிலிருந்து ஊருக்குப் போக அதைவிட நல்ல வழி வேறெதுவும் இல்லை.

இன்றைய மிதிவண்டிப் பயணிக்கு இச்சாலைகள் இனிமையாக இருப்பதற்கான காரணங்கள் யாவும் இந்தப் பழைய பொறியியலிலேயே உள்ளன. கரை மட்டமாக இருப்பதால் மிதிப்பது எளிது. கரை நிலத்தின் சமமட்டக் கோட்டைத் தொடர்ந்து வளைவதால் சாலையும் வளைகிறது, வளைவதால் ஊர்திகள் விரைய இயலாது. கரையின் அகலம் இரண்டு மாட்டு வண்டிகள் ஒதுங்கிப் போகும் அளவே என்பதால் கனரக வண்டிகள் அதனைத் தவிர்க்கின்றன. ஒரு பக்கம் நீர்ப்பரப்பும் மறுபக்கம் அதற்குத் தாழ்வாக ஆயக்கட்டும், அதாவது அந்த ஏரியின் நீரால் விளையும் வயல்களும், விரிந்து கிடக்கும். கரை உறுதிக்காக நட்ட பனை வரிசை அதற்கு ஓரம் கட்டுகிறது. கரை முடியுமிடத்தில் சாலை கலிங்கலைக் கடக்க நேர்ந்தால், அங்கே பாலம் இருப்பது அரிது. நீர் சாலைமீதே வழிந்தோடும்படி அமைத்த தரைப்பாலமே பெரும்பாலும் இருக்கும். ஏரி கோடி போகும் நாட்களில் அந்த வழி அடைபட்டுவிடும். இது குறைபாடு போலத் தோன்றினாலும், நீரின் வழியை உயர்த்திக் கட்டி மறிக்காமல் விட்ட பழைய அறிவு அதில் இருக்கிறது.

இவ்வேரிகளைக் காப்பதற்கு இடைக்காலத்தில் இருந்த ஏற்பாடுகளைக் கல்வெட்டுகள் விரிவாகச் சொல்கின்றன. இவ்வட்டாரத்துக்கு வடக்கே உள்ள உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் 919, 921 ஆகிய ஆண்டுகளில் ஊர்ச்சபைக்கு வாரியங்கள் தேர்ந்தெடுக்கும் முறையை வகுத்தபோது, அவற்றுள் ஒன்றாக ஏரி வாரியத்தையும் குறித்தன. ஏரியின் பராமரிப்புச் செலவுக்கென ஏரிப்பட்டி என்னும் நிலத்தை ஒதுக்கினர். தூர் வாருவதற்கு ஓடம் விட்டு, நாள்தோறும் இத்தனை கூடை மண்ணை எடுத்துக் கரைமீது இட வேண்டும் என்று அறக்கட்டளை வைத்த செய்திகளும் உண்டு. ஏரிக்குள்ளிருந்து எடுத்த வண்டல் கரையில் ஏறுவதால் ஏரி ஆழமாகவும் கரை உயரமாகவும் ஆயின. கரைமீது சென்ற வழியும் அதே உழைப்பால் புதுப்பிக்கப்பட்டது. வழிக்கென்று தனிச் செலவு தேவைப்படாத அமைப்பு அது.

இவ்வட்டாரத்தின் நீர் வரலாற்றில் நந்தன் கால்வாய்க்குத் தனி இடம் உண்டு. திருவண்ணாமலைப் பக்கத்தில் துரிஞ்சல் ஆற்றின் குறுக்கே கீரனூர் அணைக்கட்டில் தொடங்கி, சுமார் 38 கி.மீ. ஓடி, வழியில் உள்ள ஏரிகளை நிரப்பிக்கொண்டே பனமலை ஏரியில் சேரும் இக்கால்வாயை மக்கள் நந்தன் என்னும் மன்னன் வெட்டியதாகச் சொல்வார்கள். அம்மரபின் காலத்தை ஆவணங்களால் நிறுவ இயலாவிட்டாலும், ஓர் ஆற்றின் வெள்ளத்தை இன்னொரு வடிநிலத்தின் வறண்ட ஏரிகளுக்கு மடைமாற்றிய துணிவு எவரையும் வியக்கவைக்கும். 36 ஏரிகளுக்கு நீர் தரவேண்டிய இக்கால்வாய் பல ஆண்டுகள் தூர்ந்து கிடந்ததும், அதனைச் சீரமைக்கக் கோரி விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகப் போராடியதும் இவ்வட்டார அரசியலின் நீண்ட அத்தியாயங்கள். கால்வாய்க் கரையை ஒட்டிச் செல்லும் தடங்களும், அது தொட்டுச் செல்லும் ஏரிகளின் கரைகளும் சேர்ந்தே செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடைப்பட்ட மேற்குப் பகுதியின் குறுஞ்சாலைகளுக்கு வடிவம் தந்தன.

அந்தக் கால்வாய் வந்து சேரும் பனமலையில், ஏரியை நோக்கிய குன்றின்மேல் இராஜசிம்மன் எனப்படும் இரண்டாம் நரசிம்மவர்மப் பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயில் நிற்கிறது. அதன் சிற்றறை ஒன்றின் சுவரில், குடையின் கீழ் ஒயிலாக நிற்கும் தேவியின் ஓவியம் சிதைந்தும் ஒளி குன்றாமல் எஞ்சியுள்ளது. காஞ்சி கைலாசநாதர் கோயிலைக் கட்டிய மன்னன் இத்தனை தொலைவிலுள்ள குன்றொன்றைத் தேர்ந்ததற்குக் கீழே இருந்த நீரும் ஒரு காரணமாயிருக்கலாம். இதற்குக் கிழக்கே, விழுப்புரத்திலிருந்து ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில் உள்ள மண்டகப்பட்டில், ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகிய எதுவுமின்றி மும்மூர்த்திகளுக்கு இக்கோயிலை அமைத்ததாக அம்மன்னன் அங்கே பொறித்துவைத்திருக்கும் சொற்களே தமிழகக் கற்கோயில் வரலாற்றின் வாயில் என்று கருதப்படுகின்றன. அருகிலுள்ள தளவானூரில் அவனே எடுத்த சத்ருமல்லேசுவரம் என்னும் மற்றொரு குடைவரையும் உண்டு. புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்குன்றுகளைத் தேடிவந்து ஆராய்ந்து, 1916-இல் தொடங்கிப் பல்லவர் தொன்மைகள் பற்றி நூல்கள் வெளியிட்ட பிறகே இவ்விடங்கள் பரந்த உலகின் கவனத்துக்கு வந்தன.

கோயில்களோடு கல்விச்சாலையும் இவ்வழிகளில் இருந்தது. சமணர் வாழ்ந்த குன்றுக்கும் பெயர்பெற்ற எண்ணாயிரத்தில், முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று 340 மாணாக்கரும் 14 ஆசிரியரும் கொண்ட வேதக் கல்லூரி ஒன்றைப் பற்றிக் கூறுகிறது. அவர்களுக்கான நெல்லளவும் நிலமும் அதில் வகுக்கப்பட்டுள்ளன. இத்தனை பேர் உண்பதற்கு நெல் நாள்தோறும் வரவேண்டுமாயின் அது சுற்றுப்புற ஏரிப் பாசன ஊர்களிலிருந்தே வந்திருக்க வேண்டும். அந்த ஊர்களை இணைத்த வண்டித் தடங்கள் எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்திருக்கும் என்பதை இன்றைய அமைதியில் நின்று கற்பனை செய்வது கடினம். செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர்களின் உருவங்களும், 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நினைவாக வெட்டிய தொன்மையான கல்வெட்டும் உள்ளன. செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையே உள்ள மேல்சித்தாமூர் இன்றும் தமிழ்ச் சமணர்களின் மடத்துக்கு இருப்பிடம். துறவியர் நடந்த வழிகளும் வணிகர் சென்ற வழிகளும் இவ்வட்டாரத்தில் ஒன்றோடொன்று பின்னியே இருந்தன.

கிழக்குப் பகுதியின் வழிகள் இவற்றைவிடப் பழையவை. நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை, ஓய்மா நாட்டுத் தலைவன் நல்லியக்கோடனிடம் பரிசில் பெறச் செல்லும் பாணனுக்கு வழி கூறும் நூல். எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் ஆகிய ஊர்களைக் கடந்து கிடங்கிலை அடையும் பயணம் அதில் வரிசையாக அமைகிறது. எயிற்பட்டினம் மரக்காணம் என்றும், வேலூர் உப்புவேலூர் என்றும், ஆமூர் நல்லாமூர் என்றும் அறிஞர் பலர் அடையாளம் காண்கின்றனர். கிடங்கில் இன்று திண்டிவனம் நகருக்குள்ளேயே அடங்கிவிட்டது. நெய்தல், முல்லை, மருதம் என நிலம் மாறமாற உணவும் மக்களும் மாறுவதை வழிப்போக்கனுக்கு முன்கூட்டியே சொல்லும் அந்நூலை, தமிழகத்தின் மிகப் பழைய பயண வழிகாட்டிகளுள் ஒன்று எனலாம். கடலோர உப்பளங்களிலிருந்து உப்பேற்றிய வண்டிகள் உள்நாட்டுக்குச் சென்ற பாதையும் இதுவே. சங்க இலக்கியம் உமணர் என்று குறிக்கும் உப்பு வணிகர்களின் வண்டிகளுக்கு ஈடாக இன்று மரக்காணத்து உப்பு லாரிகளில் ஏறிச் செல்கிறது. நிலம் மாறும் வரிசை மட்டும் மாறவில்லை.

செஞ்சியின் வரலாறு பெருவழிகளின் வரலாறு. இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் நீண்ட மதிலால் பிணைத்த இக்கோட்டையை 1677-இல் சிவாஜி கைப்பற்றினார். அவருடைய மகன் இராஜாராம் இங்கே இருந்தபோது முகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டது. 1714-இல் ஆர்க்காட்டு நவாபை எதிர்த்து மடிந்த தேசிங்குராஜனின் கதை இன்னும் தெருக்கூத்துகளில் வாழ்கிறது. 1750-இல் பிரெஞ்சுக்காரரும் 1761-இல் ஆங்கிலேயரும் கோட்டையை அடைந்தனர். எட்டு ஆண்டுகள் நீண்ட முற்றுகைக்கு ஈடுகொடுத்ததில் மதிலுக்கும் படைக்கும் உள்ள பங்கு, குன்றுகளின்மேல் சுனைகளாகவும் அடிவாரத்தில் செட்டிகுளம், சக்கரக்குளம் எனவும் தேக்கிவைத்த நீருக்கும் உண்டு. குதிரைப்படையும் பீரங்கி வண்டிகளும் பொதிமாடுகளை ஓட்டிச்செல்லும் வணசாராக்களும் செல்ல அகன்ற தடம் வேண்டும். ஏரிக்கரை அதற்கு உதவாது. எனவே படைகள் கரைகளை விலக்கி மேட்டு நிலத்தின் நேர்வழிகளைப் பிடித்தன. அந்த நேர்வழியின் மரபில் வந்ததே திண்டிவனத்திலிருந்து 28 கி.மீ. கடந்து செஞ்சியை அடைந்து, கோட்டை மதில் வளையத்தின் ஊடாகவே திருவண்ணாமலைக்குச் செல்லும் இன்றைய நெடுஞ்சாலை. கோட்டையின் அரசியல் முக்கியத்துவம் 1761-க்குப் பின் வீழ்ந்ததும், அதனைச் சுற்றியிருந்த வழிகளில் படைகளின் நடமாட்டம் குறைந்தது. சி. எஸ். சீனிவாசாச்சாரி 1943-இல் செஞ்சியின் வரலாற்றை விரிவாக எழுதி வெளியிட்டபோது அது முற்றிலும் பழமையின் ஊராகிவிட்டிருந்தது.

ஆங்கிலேயர் ஆட்சியில் ஏரியும் சாலையும் வெவ்வேறு கணக்குகளாயின. ஊரார் ஒன்றுகூடித் தங்கள் ஏரியைச் செப்பனிடும் குடிமராமத்து வழக்கம் தளர்ந்தபோது, அதனைக் கட்டாயமாக்கும் நோக்கில் 1858-இல் சட்டமியற்றினர். 1880-களில் ஏரிச் சீரமைப்புத் திட்டம் தொடங்கி ஒவ்வோர் ஏரியையும் அளந்து பதிவு செய்தனர். சாலைகளோ 1871, 1884 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள்வழி அமைந்த உள்ளூர் நிதி வட்டங்களுக்கும் தாலுகா, மாவட்ட வாரியங்களுக்கும் உரியவையாயின. ஊர்க்கரை வழிகளுள் வாரியம் எடுத்துக்கொண்டவை கப்பிக்கல் பெற்றன; எடுத்துக்கொள்ளாதவை மண்சாலைகளாகவே நின்றன. இரு ஓரங்களிலும் புளியமரம் வளர்த்து, அதன் காய்ப்பை ஆண்டுதோறும் ஏலம் விட்டு, அந்த வருவாயைச் சாலைப் பராமரிப்பில் சேர்க்கும் வழக்கமும் இக்காலத்தில் வேரூன்றியது. பயணிக்கு நிழல், வாரியத்துக்கு வருவாய், ஏலம் எடுத்தவருக்குப் பிழைப்பு என்று மும்முனையில் பயன்பட்ட இவ்வேற்பாட்டைப் போல் எளிமையும் அறிவும் வாய்ந்த சாலை நிர்வாகம் அதன்பின் வந்ததாகச் சொல்ல இயலாது.

ரயில் வந்ததும் போக்குவரத்தின் கனம் இடம்பெயர்ந்தது. 1870-களின் பிற்பகுதியில் சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாக விழுப்புரத்துக்குப் பாதை அமைந்தது. 1879-இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குக் கிளை திறந்தது. பின்னர் திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கும் இருப்புப்பாதை சென்றது. தென்னார்க்காட்டின் மணிலா, அதாவது நிலக்கடலை, புதுச்சேரித் துறைமுகம் வழியாக மார்சேய் நகரின் எண்ணெய் ஆலைகளுக்குப் போன காலம் அது. நிலக்கடலை ஆராய்ச்சியில் திண்டிவனம் பின்னாளில் பெற்ற பெயர், டி.எம்.வி. என்று தொடங்கும் விதை ரகங்களின் முன்னெழுத்தாக நாடெங்கும் பரவியது. மூட்டைகளைச் சுமந்த வண்டிகள் ரயிலடியை நோக்கியே போயின. விழுப்புரம் சந்திப்பு நிலையமாக வளர்ந்து நகரமாயிற்று. ரயில் தொடாத செஞ்சி சிற்றூராகவே நின்றது. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் புதிய பாதை அறிவிக்கப்பட்டும் ரயில் இன்னும் ஓடவில்லை. பொருளாதார நோக்கில் இது இழப்புத்தான். ஆயினும் செஞ்சியைச் சுற்றிய குன்றடி வழிகள் பழைய அளவிலேயே தங்கியதற்கு அதுவே காரணம்.

வானூர், கண்டமங்கலம் பக்கத்துச் சாலைகளுக்கு மற்றொரு தனித்தன்மை உண்டு. புதுச்சேரியின் பிரெஞ்சு ஊர்களும் தென்னார்க்காட்டின் ஆங்கிலேய ஊர்களும் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கிடந்தமையால், ஒரே சாலை சிறிது தொலைவுக்குள் பலமுறை ஆட்சி மாறியது. ஊசுட்டேரியின் நீர்ப்பரப்பே இரு நிர்வாகங்களுக்கும் பொதுவாக இருந்தது, இன்றும் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் பொதுவாகவே இருக்கிறது. 1941-இல் ஏற்பட்ட சுங்க உடன்பாடு 1949-இல் முடிவுற்றபின் எல்லையெங்கும் சுங்கக் காவல் கடுமையாயிற்று. 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளுள் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்ததும், நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியதும், அக்காவல் சாவடிகள் நீங்கின. விழுப்புரம் பக்கத்திலிருந்து வயல்வழியாகக் கீழூர் நினைவிடத்துக்குச் செல்லும் சிறு சாலையில் இன்று எல்லை இருந்த சுவடே தெரியாது.

மிதிவண்டி இந்தச் சூழலில்தான் வந்து சேர்ந்தது. இங்கிலாந்தில் 1885-இல் இரு சக்கரங்களும் சம அளவாக அமைந்து சங்கிலியால் ஓடும் வண்டியும், 1888-இல் டன்லப்பின் காற்றடைத்த டயரும் வந்தபின், இந்தியாவுக்கு இறக்குமதியான வண்டிகள் நெடுங்காலம் அதிகாரிகள், வழக்கறிஞர்கள், செல்வர்கள் ஆகியோரிடமே இருந்தன. விடுதலைக்குப் பின் நிலைமை மாறியது. முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் சென்னைக்கு அருகே அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டிகளை உற்பத்தி செய்யத் தொடங்கியதும், மக்கள் சைக்கிள் என்றே அழைத்த இவ்வண்டி தமிழகச் சிற்றூர்களுக்குள் விரைந்து புகுந்தது. அதற்குத் தார்ச்சாலை தேவையில்லை. ஒரு சாண் அகலத்தில் இறுகிய மண்தடம் இருந்தால் போதும். ஏரிக்கரை அத்தகைய தடம். மாட்டு வண்டி அரை நாளில் கடந்த தொலைவை ஒரு மணி நேரத்துக்குள் அடைய முடிந்ததால், ரயிலும் பேருந்தும் கைவிட்ட ஊர்கள் திடீரென்று சந்தைக்கு அருகில் வந்துவிட்டன. பால்காரர் இருபுறமும் கேன் தொங்கவிட்டும், கடற்கரையிலிருந்து மீன் வணிகர் கேரியரில் கூடை கட்டியும், தபால்காரர் பையை முன்னே மாட்டியும் இக்கரைகளில் போய்வந்தனர். மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் சைக்கிள் கடை ஒவ்வொரு சாலை முனையிலும் தோன்றி, பஞ்சர் ஒட்டுவதோடு ஊர்ச்செய்தி பரிமாறும் இடமாகவும் ஆயிற்று. நகராட்சியும் ஊராட்சியும் ஆண்டுதோறும் வரி வாங்கிக்கொண்டு வண்டிக்கு உலோக வில்லை தந்ததும், இரவில் விளக்கின்றிச் சென்றவரையும் இருவராக ஏறிச் சென்றவரையும் காவலர் நிறுத்தி அபராதம் விதித்ததும் அந்தத் தலைமுறையின் பொது அனுபவம்.

பெண்களின் கையில் மிதிவண்டி வந்தபோதுதான் அதன் முழு ஆற்றல் வெளிப்பட்டது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் கற்பித்து, ஆயிரக்கணக்கான பெண்களைச் சாலைக்குக் கொண்டுவந்தது. 2001-02-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம், 2005-06 முதல் பிளஸ் ஒன் வகுப்பு மாணவ மாணவியர் அனைவருக்கும் விரிந்தது. மேல்நிலைப் பள்ளி இல்லாத ஊர்களிலிருந்து மாணவியர் கூட்டமாக மிதித்துச் செல்லும் காட்சி, செஞ்சி, மயிலம், வானூர், விக்கிரவாண்டி வட்டாரங்களின் காலை நேரத்துக்கு உரியதாயிற்று. பேருந்து வரும் நேரத்துக்காகக் காத்திருந்து படிப்பை நிறுத்திய தலைமுறைக்கும், ஏரிக்கரை வழியே தானே பள்ளியை அடைந்த தலைமுறைக்கும் இடையே உள்ள வேறுபாடு மிகப் பெரிது. இச்சாலைகளின் வரலாற்றில் இதைவிடப் பெருமைக்குரிய பகுதி இல்லை என்றே கூற வேண்டும்.

பயணத்தின் பொருட்டே மிதிப்பவர்கள் இவ்வழிகளுக்கு வந்தது அண்மைக்காலத்தில்தான். சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் 1968-இல் உருவான ஆரோவில்லிலிருந்தும் புறப்படுபவர்கள், விடியும் முன் நெடுஞ்சாலையைக் கடந்து உட்சாலைகளுக்குள் நுழைகிறார்கள். வராக நதி என்றும் செஞ்சியாறு என்றும் பெயர் பெற்ற சங்கராபரணியின் போக்கைத் தொடர்ந்து செல்லும் வழி அவற்றுள் மிகச் செழிப்பானது. செஞ்சிக் குன்றுகளிலிருந்து இறங்கும் அந்த ஆறு தொண்டியாற்றோடு கூடுமிடத்தில், 1950-களின் இறுதியில் கட்டிய வீடூர் அணை 32 அடி ஆழத்துக்கு, 605 மில்லியன் கன அடி நீரைத் தேக்குகிறது. அதன் பாசனத்தில் புதுச்சேரிக்கும் பங்குண்டு. அணைக்குக் கீழே ஆற்றோரம் உள்ள திருவக்கரையில் சந்திரமௌலீசுவரர் கோயிலும் வக்கிரகாளியம்மன் சன்னதியும் ஒருபுறம், சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கும் புதைபடிவப் பூங்கா மறுபுறம். இக்கல்மரங்களைப் பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னரா 1781-லேயே குறித்திருக்கிறார். திண்டிவனத்திலிருந்து கிழக்கே சென்றால் கழுவெளி. 2021-இல் பறவைகள் சரணாலயமாகி, 2024 ஆகஸ்டில் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்த இச்சதுப்புப் பரப்பு 5,000 ஹெக்டேருக்கும் மேற்பட்டது. வடகிழக்குப் பருவமழையால் ஏரிகள் நிரம்பி, வெயில் ஏறாத மார்கழி, தை மாதங்கள் இவ்வழிகளுக்கு உகந்தவை. பங்குனிக்குப் பின் பல ஏரிகள் வற்றி வெடித்த மண்ணாகிவிடும்.

இன்றைய ஆபத்து இரண்டு திசைகளிலிருந்து வருகிறது. முதலாவது அகலப்படுத்தல். 2000-களில் சென்னை நெடுஞ்சாலை நான்கு வழியானபோது கனரகப் போக்குவரத்து அதனோடு ஒதுங்கியதால் உட்சாலைகளின் அமைதி மிகுந்தது என்பது உண்மை. ஆனால் அந்த நெடுஞ்சாலையைக் குறுக்கே கடக்க வேண்டிய பள்ளி மாணவிக்கும் விவசாயிக்கும் அது ஆபத்தான எல்லையாகிவிட்டது. மாவட்டச் சாலைகள் விரிவடையும்போது முதலில் விழுபவை நூறாண்டு வயதுடைய புளியமரங்கள். ஈடாக நடும் கன்று நிழல் தர ஒரு தலைமுறை வேண்டும். இரண்டாவது, ஏரியின் தளர்ச்சி. தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் இருப்பதாகக் கணக்கு. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை நீர்வளத் துறையிடமும், சிறியவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருக்க, கரைமீது செல்லும் சாலையோ நெடுஞ்சாலைத் துறைக்கோ ஊராட்சிக்கோ உரியதாகிறது. சாலைக்காரர் தார் போடும்போது கரையின் உறுதியைக் கணக்கில் கொள்வதில்லை. கரைக்காரர் மண் போடும்போது சாலையைக் கணக்கில் கொள்வதில்லை. 2017-இல் குடிமராமத்து என்ற பெயரில் மீண்டும் தொடங்கிய பணிகள் சில ஏரிகளுக்கு உயிர் கொடுத்தாலும், வரத்துக் கால்வாய்கள், அதாவது மழைநீரை ஏரிக்குக் கொண்டுவரும் ஓடைகள், பல இடங்களில் ஆக்கிரமிப்பிலேயே உள்ளன.

இதன் விளைவு 2024-இன் இறுதியில் வெளிப்படையாகத் தெரிந்தது. ஃபெஞ்சல் புயல் கரை கடந்த நவம்பர் 30 தொடங்கி மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்துக்குள் மயிலத்தில் 51 செ.மீ. மழை பதிவாயிற்று, ஆண்டு முழுவதும் பெய்யும் மழையில் ஏறத்தாழப் பாதி ஒரே நாளில் விழுந்தது எனலாம். ஏரிகள் நிரம்பி வழிந்தன, கரைகள் உடைந்தன, ஊர்கள் தனித்தீவுகளாயின, விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே பாலத்தைத் தொட்டு வெள்ளம் ஓடியதால் ரயில்களும் நின்றன. நீர் வழியைத் தடுத்து உயர்த்திய சாலைகள் அணைகளாக மாறி வெள்ளத்தை ஊருக்குள் திருப்பும். தரைப்பாலமோ தற்காலிகமாக மூழ்கினாலும் வெள்ளம் வடிந்ததும் மீண்டும் பயன்படும்.

2025 ஜூலையில் மராத்தியர் படைத்தள நிலப்பரப்புகள் என்னும் தொகுப்பின் ஓர் அங்கமாக, தமிழகத்திலிருந்து சேர்ந்த ஒரே கோட்டையாக, செஞ்சி உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. சுற்றுலாவுக்கென்று சாலை, நிறுத்துமிடம், விடுதி ஆகியவற்றுக்கான திட்டங்கள் இனி வேகம் பெறும். திண்டிவனத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் செஞ்சிக்கு வருவோருக்கு நெடுஞ்சாலை ஏற்கனவே உண்டு. மேல்சித்தாமூர், மண்டகப்பட்டு, தளவானூர், பனமலை ஆகியவற்றைத் தொடும் உட்சாலைகளை அகலப்படுத்தாமல், அவற்றின் மரங்களையும் கரைகளையும் தரைப்பாலங்களையும் இருக்கும் அளவிலேயே செப்பனிட்டு, மிதிவண்டிக்கும் நடைக்கும் முன்னுரிமை தரும் மரபு வழிகளாக அறிவிப்பதற்கு இதைவிடப் பொருத்தமான தருணம் வாய்ப்பது அரிது. அவ்வாறு அறிவிக்கும் ஆணையில் கரையின் மட்டம், கலிங்கலின் உயரம், சாலையின் அகலம் ஆகிய மூன்றையும் ஒரே வரைபடத்தில் பதிந்து, நீர்வளத் துறையும் நெடுஞ்சாலைத் துறையும் ஊராட்சியும் சேர்ந்து கையொப்பமிட வேண்டும். ஊர்ச்சபையின் ஏரி வாரியம் ஒருகாலத்தில் தனியே சுமந்த பொறுப்பு அது.